பழைய உலோகங்காட்டியைச் சீரமைத்துப் பயன்படுத்துதல்

மெட்டல் டிடெக்டர் என்று பரவலாக அறியப்படும் உலோகங்காட்டி, மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தை மின்காந்தத் தூண்டல் மூலம் உணர்ந்து ஒலியாகத் தெரிவிக்கும் கருவியாகும். பொழுதுபோக்காக இக்கருவியைக் கொண்டு வயல்களிலும் கடற்கரைகளிலும் தேடும் வழக்கம் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 1970களில் பரவியது. அக்காலத்திலும் அதற்குப் பின்னரும் வாங்கப்பட்ட கருவிகள் பல, உறவினர்களிடமிருந்தும் அண்டை வீட்டாரிடமிருந்தும் கைமாறி வருகின்றன. இயங்கவில்லை என்று பரணில் போடப்பட்ட கருவியின் பழுது பல நேரங்களில் பேட்டரிப் பெட்டியிலோ வயரிலோ மட்டுமே இருக்கும்.

பழையது என்பதால் பயனற்றது என்று கொள்ள முடியாது. 2009 சூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்சயரில் ஒரு வயலில் டெரி ஹெர்பர்ட் என்பவர் ஆங்கிலோ-சாக்சன் காலத் தங்கப் புதையலைக் கண்டெடுத்தார். அதன் மதிப்பு 32.85 இலட்சம் பவுண்டு எனக் கணிக்கப்பட்டது. அவர் பயன்படுத்தியது இரண்டரை பவுண்டுக்கு வாங்கிய பழைய கருவி என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின.

== வகையை அறிதல் ==

பழுது பார்க்கும் முன் கருவி எவ்வகை என்று அறிவது நல்லது. மிகப் பழைய எளிய கருவிகளில் இரண்டு அலையியற்றிகள் உண்டு. ஒன்று தேடுசுருளுடன் இணைந்தது. மற்றொன்று பெட்டிக்குள் இருப்பது. இரண்டின் அதிர்வெண் வேறுபாடே ஒலியாகக் கேட்கும். உலோகம் அருகில் வந்தால் அந்த ஒலியின் சுருதி மாறும். அடுத்த வகையில் தேடுதலைக்குள் அனுப்பும் சுருள், வாங்கும் சுருள் என இரண்டு இருக்கும். மண்ணைச் சமன்செய்யும் குமிழும் உலோகத்தைப் பிரித்தறியும் குமிழும் இருந்தால் பெரும்பாலும் இவ்வகையே. துடிப்புத் தூண்டல் முறையில் இயங்கும் மூன்றாம் வகை உப்புநீர் ஊறிய கடற்கரை மணலில் நன்றாக வேலை செய்யும். ஆனால் பேட்டரியை விரைவாகத் தின்னும், இரும்பையும் பிற உலோகத்தையும் எளிதில் பிரித்துக் காட்டாது.

== சீரமைத்தல் ==

முதலில் திறக்க வேண்டியது பேட்டரிப் பெட்டி. ஆண்டுக்கணக்கில் உள்ளேயே விடப்பட்ட பேட்டரி கசிந்து தொடுமுனைகளை அரித்திருக்கும். ஆல்கலைன் பேட்டரியின் வெண்மையான கசிவு காரத்தன்மை உடையது. வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு தோய்த்த பஞ்சால் துடைத்தால் நீங்கும். பழைய துத்தநாக-கார்பன் பேட்டரியின் கசிவு அமிலத்தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா கரைசல் பொருந்தும். எதுவானாலும் கையுறை அணிந்து துடைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் மீண்டும் துடைத்து, நன்கு உலரவிட வேண்டும். பச்சை பூத்த வயர் முனையை வெட்டிவிட்டுப் புதிதாகச் சால்டர் வைப்பதே நிலைக்கும்.

மறுசுழற்சிப் பேட்டரி போடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிக்கல் வகைப் பேட்டரி ஒன்றின் மின்னழுத்தம் 1.2 வோல்ட்; சாதாரண பேட்டரியினுடையது 1.5 வோல்ட். எட்டு பேட்டரி போடும் கருவியில் இதனால் 2.4 வோல்ட் குறையும். சில பழைய கருவிகள் அந்தக் குறைவிலேயே பேட்டரி தீர்ந்ததாக எச்சரிக்கும்.

பேட்டரி சரியாக இருந்தும் ஒலி வராவிட்டால் ஹெட்போன் துளையைப் பார்க்கலாம். ஹெட்போன் செருகும்போது ஒலிபெருக்கியைத் துண்டிக்கும் சிறு தகடு அதனுள் உண்டு. அது துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் கருவி ஊமையாகிவிடும். சிலமுறை செருகி எடுத்தாலே சரியாவதும் உண்டு. பழைய கருவிகளின் துளை பல ஒற்றை ஒலித்தடத்துக்கானது என்பதால், இன்றைய ஸ்டீரியோ ஹெட்போனில் ஒரு காதில் மட்டும் ஒலி கேட்கலாம், அது பழுதன்று. குமிழைத் திருப்பும்போது கரகரவென்று ஒலித்தால் தொடுமுனை துப்புரவுத் தெளிப்பானை அடித்துப் பலமுறை திருப்ப வேண்டும். உப்பிய மின்தேக்கியை அதே மதிப்பும், அதே அல்லது கூடுதலான வோல்ட் அளவும் கொண்டதால், முனை மாறாமல் மாற்ற வேண்டும்.

மிகவும் தொல்லை தருவது தேடுசுருள் வயர். அது தேடுதலைக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருக்கும். கருவியை இயக்கி, அந்த இடத்தை மெல்ல அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வருவதைக் கொண்டு இதைக் கண்டுபிடிக்கலாம். கருவியை அணைத்து, செருகியைக் கழற்றி, மல்டிமீட்டரால் தொடர்ச்சி பார்ப்பது உறுதியான வழி. ஆனால் இரட்டைச் சுருள் தலையைப் பிளந்து பார்ப்பது கூடாது. வாங்கும் சுருளில் மிகக் குறைந்த மின்குறிகையே விழுமாறு இரண்டு சுருள்களையும் நுட்பமாகப் பொருத்தி, எப்பாக்சி ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சற்று நகர்ந்தாலும் சமநிலை போய்விடும். வேறு கருவியின் சுருளும் பெரும்பாலும் பொருந்தாது.

== சோதித்தல் ==

சோதனையை இரும்பு ஆணி அடித்த மேசை மீதோ இரும்புக் கம்பி கட்டிய தளத்தின் மீதோ செய்தால் குழப்பமே மிஞ்சும். 1881இல் சுடப்பட்ட அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் குண்டைத் தேட அலெக்சாண்டர் கிரகாம் பெல் தம் கருவியைக் கொண்டுசென்றபோது, மெத்தைக்கு அடியில் இருந்த உலோகச் சுருள்கள் தொல்லை கொடுத்தன. குண்டு கிடைக்கவில்லை. எனவே மோதிரம், கைக்கடிகாரம், கைப்பேசி ஆகியவற்றை அகற்றிவிட்டு, தேடுதலையை வெட்டவெளியில் பிடித்து, ஒரு நாணயத்தை அதன் முன் ஆட்டிப் பார்க்க வேண்டும். வயர் தளர்ந்து ஆடினாலும் பொய்யொலி வரும். கோலைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றுவது அவசியம்.

== பயன்படுத்துதல் ==

கைமுறைக் கருவியில் முதல் வேலை மண்ணைச் சமன்செய்வது. உலோகம் இல்லாத இடத்தில் தேடுதலையை மேலும் கீழும் அசைத்து, ஒலி மாறாத நிலை வரும்வரை குமிழைத் திருப்ப வேண்டும். இரும்புத் தாது மிகுந்த செம்மண் நிலத்தில் இதை அடிக்கடி செய்ய நேரும். பிறகு தேடுதலையைத் தரைக்கு இணையாக, தரையை ஒட்டி, மெதுவாக வீச வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதியளவு படிய வேண்டும். வீச்சின் முனையில் தலையைத் தூக்கும் பழக்கத்தால் அங்குள்ள பொருள்கள் தவறிப்போகும். ஒலி கேட்ட இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக வீசினால் பொருள் இருக்கும் புள்ளி தெரியும்.

பிரித்தறியும் குமிழை அளவுக்கு மீறித் திருப்புவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. மெல்லிய தங்க மோதிரமும் பானக் குவளையின் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும். குப்பையை விலக்கினால் மோதிரமும் விலகும். திரை இல்லாத பழைய கருவியில் காதே அளவுகோல். தெரிந்த நாணயம், ஆணி, மூடி ஆகியவற்றை வெவ்வேறு ஆழங்களில் புதைத்துக் கேட்டுப் பழகுவதற்குச் சில மாலைப்பொழுதுகள் போதும்.

== சட்டமும் கண்டெடுப்பும் ==

நில உரிமையாளரின் அனுமதி எங்கும் தேவை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, புதையல் எனக் கருதத்தக்கதை 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கக் கோருகிறது. வெடிபொருள் போன்ற எதையும் தொடாமல் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

1992இல் இங்கிலாந்தின் ஹாக்சனில், உழவர் ஒருவர் தொலைத்த சுத்தியலைத் தேடச் சென்ற எரிக் லாஸ், ஓய்வுபெற்றபோது பரிசாகக் கிடைத்த கருவியால் உரோமானியர் காலப் புதையலைக் கண்டார். சில பொருள்களை எடுத்ததும் தோண்டுவதை நிறுத்தித் தகவல் தெரிவித்தார். அதனால் தொல்லியலாளர்கள் எஞ்சியவற்றை இருந்த இடத்திலேயே பதிவு செய்து எடுக்க முடிந்தது. புதையலில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் இருந்தன. தேடிப் போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.