ரிப்போர்ட் நார்மல், காய்ச்சல் விடவில்லை

கொரோனா இரண்டாம் அலையின்போது, 2021 மே மாதம், மியூகோர்மைகோசிஸை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நாடு முழுவதும் 45,000 பேருக்கு மேல் அந்நோய் வந்திருப்பதாக அந்த ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் ‘கருப்புப் பூஞ்சை’ என்ற பெயர் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. ஆனால் கருப்பு அந்தப் பூஞ்சையின் நிறமல்ல. பூஞ்சை ரத்தக் குழாயை அடைத்ததால் செத்துப்போன தசையின் நிறம் அது. ஒரு பக்கம் மட்டும் மூக்கடைப்பு, ஒரு கன்னம் மரத்துப்போவது, மேல்வரிசைப் பல் ஆடுவது, இமை தொங்குவது, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிவது ஆகியவை அதற்கு முன்பே வரும். சைனஸ் என்றோ பல்வலி என்றோ இவற்றைத் தள்ளிப்போட்டால் கண்ணே போய்விடும். இன்னொரு உண்மை அந்தப் பரபரப்பில் அடிபட்டுப்போனது. பூஞ்சைக்கென்றே செய்யப்படும் காலக்டோமன்னன், பீட்டா-டி-குளூக்கன் ரத்தப் பரிசோதனைகள் இரண்டுமே மியூகோர்மைகோசிஸைக் காட்டாது. ரத்தம் ‘நார்மல்’ என்று வரும்போதே நோய் மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்.

எதிர்ப்பு சக்தி குறைந்தவர் கையில் ஒரு ‘நார்மல்’ ரிப்போர்ட்டைக் கொடுத்தால், அந்தப் பரிசோதனை எதைத் தேடியது, எது அதன் கண்ணில் படாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. தென்சென்னையில் இது சிலருடைய கவலை மட்டுமல்ல. 1954 முதல் இயங்கிவரும் அடையாறு புற்றுநோய் நிறுவனத்துக்கு வெளியூர்களிலிருந்து வந்து, பக்கத்துத் தெருக்களில் அறை எடுத்துத் தங்கி கீமோதெரபி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்கள், சர்க்கரை கட்டுக்குள் வராதவர்கள், மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்கிறார்கள். மயிலாப்பூரிலும் பனகல் பூங்கா பக்கமும் மெட்ரோவுக்காகத் தோண்டிய மண்ணிலும், வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவரிலும் பூஞ்சை வித்துகள் சாதாரணமாக இருப்பவை. ஆரோக்கியமான நுரையீரல் அவற்றைத் தினமும் அழித்துவிடுகிறது. வெள்ளணுக்கள் சரிந்தவரின் நுரையீரலால் அது முடியாது.

ரத்தக் கல்ச்சரைப் பாருங்கள். உடலுக்குள் ஊடுருவிய கேண்டிடா பூஞ்சைத் தொற்றில் ஏறக்குறைய பாதியை அது தவறவிடுகிறது. கீமோ எடுப்பவருக்கு ஆன்டிபயாடிக் தொடங்கி நான்கைந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை என்றால், மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருப்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்றின் தொடக்க அடையாளங்கள் சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குக் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையால் வரும் மூளை உறைத் தொற்று இன்னும் ஏமாற்றும். வாரக்கணக்கில் தலைவலி மட்டும் இருக்கும், கழுத்து விறைப்பே இல்லாமல் போகலாம், முதுகுத் தண்டு நீரில் அணுக்களின் எண்ணிக்கைகூட இயல்பாக இருக்கலாம். ஆனால் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பரிசோதனைக்குச் சில துளி ரத்தம் போதும், பத்தே நிமிடத்தில் விடை வந்துவிடும். எதிர்ப்பு சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் கீழே போன எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு, அறிகுறி இல்லாவிட்டாலும் இதைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். 200-க்குக் கீழே இருப்பவர்களுக்கும் செய்யலாம் என்கிறது. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை மருத்துவர் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தது இந்தச் சென்னையில்தான். அந்த நகரத்தில் ஒரு தலைவலி நோயாளிக்கு இந்தச் சிறு பரிசோதனை நடக்காமல் போவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

மியூகோர்மைகோசிஸை உறுதிசெய்யத் திசு வேண்டும். மூக்கினுள் எண்டோஸ்கோப் விட்டு எடுத்த துணுக்கைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நாடா போல அகன்ற இழைகள் அன்றைக்கே தெரியும். ஆனால் எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சை செத்துவிடும், கல்ச்சரில் வளராது. ஒரு பகுதி ஃபார்மலினிலும் இன்னொரு பகுதி சலைனிலும் போக வேண்டும். ‘கல்ச்சருக்கும் அனுப்பியிருக்கிறீர்களா டாக்டர்?’ என்று குடும்பத்தினர் ஒருமுறை கேட்பது மிகையான கேள்வி அல்ல.

பெயரைத் தேடிக்கொண்டிருப்பானேன், சந்தேகம் வந்ததும் பூஞ்சை மருந்தைத் தொடங்கிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அவசரத்தில் தொடங்கத்தான் வேண்டும். ஆனால் முடிந்தவரை மாதிரியை எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும், ஏனென்றால் மருந்துக்கு மருந்து வேறுபாடு பெரிது. ஆஸ்பெர்ஜில்லஸை அடக்கும் வோரிகோனசோல் மியூகோர்மைகோசிஸுக்குப் பலிக்காது. 2009-இல் ஜப்பானில் முதன்முதலாக விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் பெரும்பாலும் ஃபுளூகோனசோலுக்கு அசைவதில்லை. அதையே சில லேப் கருவிகள் வேறொரு கேண்டிடாவாகக் காட்டிவிட்டன. மியூகோர்மைகோசிஸுக்குத் தரப்படும் ஆம்போடெரிசின் சிறுநீரகத்தைப் பதம்பார்க்கும் மருந்து. பெயர் தெரியாமல் வாரக்கணக்கில் ஏற்ற அது குளுக்கோஸ் அல்ல. எல்லோருக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்தால் வீண் செலவும் பொய்யான பாசிட்டிவும் வரும் என்ற மருத்துவர்களின் ஆட்சேபம் நியாயமானது. சாதாரணச் சளிக்காரருக்குக் காலக்டோமன்னன் தேவையே இல்லை. இங்கே கேட்பது, மேலே சொன்ன அபாயப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும், காரணத்தோடு, உரிய காலத்தில் பரிசோதனை. அதற்கு நோயாளி பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. எடுத்த ஸ்டீராய்டு, நாட்டு மருந்து, ஊசி எதையும் மறைக்காமல், காலி அட்டையோடு காட்ட வேண்டும்.

கேட்டும் பதில் வராவிட்டால் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். எழுத்தில், தேதியோடு கேளுங்கள். ஸ்கேன் படங்களையும் லேப் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதை, தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமைச் சாசனம் உரிமையாகவே சொல்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை அட்மிஷன் அன்றே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சையை மறுப்பதையும், சம்மதமின்றி அதை வெளியே சொல்வதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

கட்டணம் வாங்கிய மருத்துவமனையின் கவனக்குறைவு என்றால், 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். சிகிச்சைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. நோய் முற்றிவிட்டது என்பது மட்டும் அங்கே போதாது. எப்போது அறிகுறியைச் சொன்னீர்கள், எந்தப் பரிசோதனை எப்போது நடந்தது என்பதற்கான தாள்கள்தான் பேசும். முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது. அங்கே புகாரை முதலில் டீனிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். மருத்துவரின் நடத்தை பற்றியதானால், அவர் எங்கே வேலை செய்தாலும், தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம்.