உங்களுக்குத் தெரியுமா? தோல் சீவாத சுக்கு மருந்தில் சேராது

யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் மாறி மாறிச் சூடிய சிம்மாசனப் பெயர்கள் செகராசசேகரன், பரராசசேகரன். அதே பெயர்களில் இரண்டு மருத்துவ நூல்களும் உண்டு. பரராசசேகரத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. அந்த உழைப்புக்கு நாம் பெருங்கடன்பட்டிருக்கிறோம்.

சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், ஐயம் (கபம்) மூன்றில் எது மிஞ்சியது என்று நாடி பார்த்த பிறகே பரியாரியார் (நாட்டு வைத்தியர்) மருந்து கூட்டுவார். ஐயம் மிஞ்சினால் திரிகடுகு: சுக்கு, மிளகு, திப்பிலி சம அளவு. மூன்றும் காரம், சூடு. குளிர்ச்சியும் பிசுபிசுப்புமான ஐயத்துக்கு நேர் எதிர். கடைச் சரக்கை அப்படியே இடிப்பதில்லை. சுக்கின் மேல் சுண்ணாம்பைப் பூசிக் காயவைத்துத் தோலைச் சீவி எறிய வேண்டும். கடுக்காய் என்றால் உள்ளே இருக்கும் கொட்டையை நீக்க வேண்டும். இடித்துச் சலித்த திரிகடுகுத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். தேனும் ஐயத்தைத் தணிப்பதுதான். பித்தம் மிஞ்சியவருக்கோ இதே தூள் எரிச்சலைக் கூட்டிவிடும். ஒருவருக்குக் கேட்ட மருந்தை அடுத்த வீட்டுக்காரருக்கு நீட்டவே கூடாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவ அலகு 1984இல் தொடங்கியது. கைதடியில் மாணவர்கள் இக்கலையைப் பட்டப்படிப்பாகவே கற்கிறார்கள்.