ஒரு பாடலும் மலையகத்தின் கதையும்

2021 மார்ச் மாதம் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாடல் திரைப்படத்தின் துணையின்றியே உலகெங்கும் பரவியது. யூரியூப் தளத்தில் 40 கோடிக்கும் மேற்பட்ட தடவைகள் பார்க்கப்பட்ட அப்பாடலுக்கு ஆடியோர் பலர். ஆனால், அதன் வேர் எமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உள்ளது என்பதை அறிந்தோர் சிலரே.

பாடலை எழுதி, தீயுடன் இணைந்து பாடியவர் அறிவு. 2018இல் சென்னையில் மேடையேறிய, கானாவையும் ராப்பையும் ரொக் இசையையும் இணைத்த 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் மூலம் அறியப்பட்டவர் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பிய அவரது பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வே பாடலின் கரு. ஒப்பாரியின் சாயல் அதில் ஒலிப்பதற்குக் காரணமும் அதுவே.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியைக் கணக்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. பொல்பிட்டிய, நோர்ட்டன் பிரிட்ஜ், ஹட்டன் எனப் பரந்துள்ள இம்மலைப் பிரதேசத்தில், உறவுகளைத் தலைமன்னார்க் கப்பலுக்கு வழியனுப்பிய லயன்கள் ஏராளம். இங்கே 'இந்தியாக்காரர்' எனப்பட்டோர் அங்கே 'சிலோன்காரர்' ஆயினர்.

உழைத்தவனுக்கு மண் உரிமையாகாத துயரைச் சொன்ன பாடலுக்கே உரிமைச் சிக்கல் எழுந்தமை விந்தையானது. 2021 ஓகஸ்டில் இந்திய 'ரோலிங் ஸ்டோன்' சஞ்சிகையின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாமையை இயக்குநர் பா.ரஞ்சித் கண்டித்தார். 2022 ஜூலையில் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இன்றியே பாடல் ஒலித்தது. அவர் தமது மனக்குறையை வெளியிட்டார். தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் அறிவுக்கு உரிய மதிப்பை எப்போதும் அளித்தே வந்ததாகப் பதிலளித்தனர். 2024 மார்ச்சில், பாடலின் வருவாய் எதுவும் தம்மை வந்தடையவில்லை எனச் சந்தோஷ் நாராயணனே பகிரங்கமாகத் தெரிவித்தார்.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது எமது நோக்கமன்று. புகழும் பணமும் சேரும்போது, படைப்பின் மூலவர்கள் பின்தள்ளப்படும் ஆபத்து எங்கும் உண்டு என்பதையே நாம் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்த பெருமை சி.வி.வேலுப்பிள்ளைக்கு உரியது. ஆயினும் கொழுந்து மலையிலும் தொட்டிலோரத்திலும் இழவு வீட்டிலும் பாடியவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? கிழக்கிலங்கை முஸ்லிம் மக்களின் நாட்டார் கவிகளைப் பாடிய தாய்மாரின் நிலையும் இதுவே. கைத்தொலைபேசியிலேயே ஒலிப்பதிவு செய்யும் வசதி இன்று நம்மிடம் உள்ளது. நமது முதியோரின் பாடல்களைப் பாடியவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றுடன் பதிந்து வைப்போமாக. வள்ளியம்மாளின் கதையைச் சொல்ல ஒரு பேரன் இருந்தான். எல்லாப் பாட்டிமாருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.