விதானத்தில் நகரும் கதை

திருவதிகை விமானத்தில் சுதை உருவங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள், இங்கே சிதம்பரம் சிவகாமி அம்மன் கோயிலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். விதானத்தில் இருப்பவை 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் கால ஓவியங்கள்.

அதே நூற்றாண்டில் இத்தாலியிலும் ஊருக்கொரு பாணியாகப் பரோக் ஓவியம் தழைத்தது: பொலோனாவில் குய்தோ ரேனி, நேப்பிள்ஸில் லூக்கா ஜோர்தானோ. திரெந்தோவில் பிறந்த அந்திரேயா போட்ஸோ, ரோமில் புனித இஞ்ஞாசியார் ஆலய விதானத்தை வானமாகவே திறந்து காட்டினார். அதைப் பார்க்கத் தரையில் ஓர் இடம் குறித்திருக்கிறது. விலகி நின்றால் தீட்டிய தூண்கள் சரிந்து தெரியும்.

சிதம்பரத்தில் அப்படி ஒரே இடம் கிடையாது. கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. நடந்துகொண்டே பார்க்க வேண்டும். சிவன் பிச்சாடனராகத் தாருகாவனத்தில் வருகிறார். முனிபத்தினிகள் தம்மை மறக்கிறார்கள். மோகினியைக் கண்ட முனிவர்களுக்கும் அதே கதிதான். மாணிக்கவாசகர் வரலாறும் உண்டு, தவறவிடாதீர்கள்.