மூன்றாவது வேரைத் தேடினார்களா?

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேர்ச்சிகிச்சை செய்து, மேலே தொப்பியும் போட்டு முடித்தார்கள். சில மாதங்களில் அதே பல் திரும்பவும் நொந்தது. இனி வைத்துப் பயனில்லை என்றார்கள். பிடுங்கிவிட்டு வந்தோம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது பிறகுதான் விளங்கியது.

வேர்ச்சிகிச்சையில் பல்லின் நடுவே பழுதான நரம்புச் சதையை எடுத்து, வேர்களுக்குள் ஓடும் நுண்குழாய்களைச் சுத்தமாக்கி அடைப்பார்கள். ஒரு குழாய் தவறினாலும் கிருமி அங்கேயே குடியிருக்கும். கீழ்த்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மூன்று குழாய் என்பது பாடப்புத்தகக் கணக்கு. கணக்கு எழுதிப் பிழைக்கும் எங்களுக்குத் தெரியும், பதியாமல் விட்ட ஒரு வரவு எத்தனை நாள் தூக்கத்தைக் கெடுக்கும் என்று.

2001இல் இலண்டன் ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிறுவனத்தின் குலாபிவாலாவும் குழுவினரும் பர்மா மக்களின் 331 கீழ்க் கடைவாய்ப்பற்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பல்லுக்குள் மை செலுத்தி, பல்லைக் கண்ணாடி போலத் தெளியவைத்துக் குழாய்களின் போக்கைப் பார்த்தார்கள். முதற் கடைவாய்ப்பற்களில் சுமார் 10 வீதத்துக்கு மூன்றாவது வேர் இருந்தது. இரண்டாம் கடைவாய்ப்பற்களில் சுமார் 22 வீதத்தில் வேர்கள் ஒட்டி, குழாய் பிறை போல வளைந்திருந்தது. ஐரோப்பியரிடம் அந்த மூன்றாவது வேர் பொதுவாக 5 வீதத்துக்கும் குறைவு. யாங்கோனில் ஒரு பல் வைத்தியர் நாளாந்தம் எதிர்பார்க்க வேண்டியதை, ஐரோப்பிய நகரமொன்றில் இருப்பவர் எப்போதாவதுதான் காண்பார். நாமோ பல ஊர் வைத்தியர்களிடம் வாயைத் திறக்கிறவர்கள்.

இந்த வேர் நாக்குப் பக்கமாக, பின்னால், பெரும்பாலும் வளைந்து நிற்கும். நேராக எடுத்த எக்ஸ்றேயில் முன்னால் நிற்கும் வேர் அதை மறைத்துவிடும். கொஞ்சம் சரித்து இன்னொரு படம் எடுத்தால் பிரிந்து தெரியும். அதிலும் சந்தேகமென்றால் முப்பரிமாண ஸ்கான் இருக்கிறது. மேல் முதற் கடைவாய்ப்பல்லிலோ கதை இன்னும் பொதுவானது: அதன் முன்வேரில் இரண்டாவது குழாய் எல்லா இனத்தவரிலும் சாதாரணமாக இருக்கும், ஆனால் வாய் மிக ஒடுங்கியதால் உருப்பெருக்கி இல்லாமல் எளிதில் அகப்படாது.

சிகிச்சை செய்த பல் திரும்ப நொந்தால், பிடுங்கச் சம்மதிக்க முன் கேளுங்கள்: "தவறவிட்ட குழாய் ஏதும் இருக்கிறதா? சரித்து எடுத்த படம் பார்த்தீர்களா? வேர்ச்சிகிச்சை நிபுணரிடம் அனுப்பலாமா?" எல்லாப் பல்லும் காப்பாற்றப்படும் என்றில்லை. வெடித்த வேருக்கு மறுசிகிச்சையும் உதவாது.

எங்கள் வீட்டுப் பல்லில் எது இருந்தது என்று இனி அறிய வழியில்லை. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.