இல்லாத உயிருக்கு உடல்

காரைக்காலில் ஆண்டுதோறும் ஆனித் திங்களில் மாங்கனித் திருவிழா நிகழ்கிறது. அழகிய உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற புனிதவதியாரின் வரலாற்றை நினைவுகூரும் விழா அது. அவருடைய சோழர்காலச் செப்புத்திருமேனிகளை உற்று நோக்குங்கள். வற்றிய உடல், எண்ணிவிடத்தக்க விலா எலும்புகள், கைகளில் தாளம். யாரும் கண்டிராத பேயைச் சிற்பி, யாவரும் அறிந்த மனித எலும்புக்கூட்டின் மீதே எழுப்பியிருக்கிறார். அறிவியல் புனைவுத் திரைப்படங்களுக்கு விந்தை உயிரிகளைச் செய்வோரும் இவ்வழியையே பின்பற்றுகின்றனர். இங்குக் கூறப்படுபவை கணினியில் வரையப்படுபவை அல்ல. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் தொட்டு அஞ்சும்படி நிற்கும் உருவங்கள்.

செய்முறையும் நமக்குப் புதியதன்று. கும்பகோணத்தை ஒட்டி ஓடிவரும் அரசலாறு காரைக்காலில் கடலோடு கலக்கிறது. அக்கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் வடிப்பர்; அதன்மேல் காவிரி வண்டலைப் பூசிக் காய வைப்பர்; சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். உயிரி செய்வோர் களிமண்ணில் உருவம் வடித்து அச்செடுப்பர். பின்னர் அவ்வச்சில் நுரை ரப்பரையோ சிலிக்கோனையோ நிரப்புவர். சிலிக்கோன் ஒளியைச் சற்றே உள்வாங்குவதால் உயிருள்ள தோலின் பொலிவு அதற்கு வாய்க்கிறது. ஆனால் திருமேனி அசைய வேண்டியதில்லை. உயிரியோ மூச்சுவிட வேண்டும். அதற்காக உள்ளே இரும்பு எலும்புக்கூடும் பொறிகளும் பொருத்தப்படுகின்றன.

தமிழ்த்திரை இதனை எளிய வழியில் முயன்று பார்த்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் அமெரிக்கரான வில்லியம் பெர்க்குடன் இணைந்து உருவாக்கிய ‘காடு’ 1952இல் வெளிவந்தது. அழிந்துபோன மாமூத் என்னும் பனிக்கால யானைகள் அக்கதையில் உயிரோடு உலவும். உண்மை யானைகளுக்கே மயிர்ப் போர்வை அணிவித்து அவற்றைக் காட்டினர். சிரிக்க வேண்டா; மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானையே, ஆப்பிரிக்க யானையன்று. உடலமைப்பும் நடையின் எடையும் செலவின்றிக் கிடைத்தன. பொருந்தாதது காதுதான்: உடல்வெப்பத்தைக் காக்க மாமூத்தின் காது மிகச் சிறிதாக இருந்தது. நம் நாட்டு வெயிலில் மயிர்ப் போர்வை சுமந்த அவ்விலங்குகளின் பாடு இன்று நம்மை உறுத்தவே செய்யும்.

பொறியால் இயங்கும் உயிரிக்கும் தொல்லைகள் உண்டு. 1993இல் வெளிவந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்திற்காக ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் ஏறத்தாழ 12 மீட்டர் நீளமுள்ள டைனோசரைச் செய்தனர். மழைக்காட்சியில் அதன் நுரை ரப்பர்த் தோல் நீரை உறிஞ்சியது. கூடிய எடையைக் கணக்கில் கொள்ளாத பொறிகள் தடுமாற, அந்தக் கொடுவிலங்கு குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கியது. காட்சிகளுக்கிடையே பணியாளர்கள் அதனைத் துவட்டிக்கொண்டிருந்தனர்!

வின்ஸ்டன் 2008இல் மறைந்தார். அவருடைய உடன்பணியாளர்கள் தொடங்கிய லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனமே 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’ படத்தின் சிட்டிக்கு இயந்திர உடல்களைச் செய்தளித்தது. அவ்வேலையைத் தேடிக் கலிபோர்னியா வரை செல்ல நேர்ந்தது எண்ணத்தக்கது. அச்சு வார்க்கும் கைகள் காவிரிக்கரையில் ஆயிரம் ஆண்டுகளாக உள்ளன. அக்கைகளோடு பொறியாளரும் அமரும் பட்டறையே அன்று வேண்டியிருந்தது.