கேரவன் இழுக்கும் பழைய வண்டி

சிங்கப்பூரில் சிஓஇ சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான். அதைப் புதுப்பிக்க ஆகும் செலவை எண்ணிப் பலர் வண்டியைக் கைவிட்டுவிடுவர். அதனால் சிராங்கூன் சாலையில் பழைய பாணி எஸ்யுவி வண்டிகளைக் காண்பது அரிது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஆஸ்திரேலியா செல்வோர், அங்கு அவை கேரவன்களை இழுத்துச் செல்வதைப் பார்க்கலாம்.

1984ல் அறிமுகமான டொயோட்டா லேண்ட் குரூசர் 70 அவற்றுள் ஒன்று. ஏணி போன்ற இரும்புச் சட்டத்தின்மேல் அதன் உடல் பொருத்தப்பட்டிருக்கும். இழுவையின் பளுவை அந்தச் சட்டம் தாங்கும். ஆஸ்திரேலியாவில் அதன் இழுவைத் திறன் 3,500 கிலோ.

அந்த எண்ணை மட்டும் நம்பி வாடகைக்கு எடுத்துவிடாதீர்கள். கேரவன் எடையில் ஏறக்குறைய 10 விழுக்காடு வண்டியின் பின்புறத்தை அழுத்தும். 2,000 கிலோ கேரவன் என்றால் 200 கிலோ; கூடுதலாக மூன்று பெரியவர்கள் ஏறியதற்குச் சமம். வண்டியின் சுமை வரம்பில் அதுவும் சேரும்.

அரிசி, தண்ணீர் போன்ற கனமான பொருள்களைக் கேரவனின் பின்கோடியில் வைக்காமல், சக்கர அச்சுக்கு நேர் மேலே தாழ்வாக வையுங்கள். பின்பக்கம் கனத்தால் கேரவன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். அப்போது வண்டியின் பிரேக்கை அழுத்தாதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். கேரவனின் மின்பிரேக்கை மட்டும் கையால் இயக்குங்கள்.

சாமான்களை ஏற்றி முடித்ததும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். பின்னிருக்கையில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.